பிப் ‘நிறுவியாச்சு’ என்கிறது, பைத்தான் ‘இல்லை’ என்கிறது: மாட்யூல் தேடல் பாதையின் கணக்கு

பைத்தானில் நிரல் எழுதுபவர்கள் அடிக்கடி முட்டிக்கொள்ளும் இடம் இது. பைத்தானின் நிறுவும் கருவியான பிப் கொண்டு ஒரு பேக்கேஜை, அதாவது பிறர் எழுதிய நிரல் தொகுப்பை, நிறுவுகிறோம். வெற்றி என்று செய்தி வருகிறது. அடுத்த நிமிடம் நிரலை ஓட்டினால் ‘மாட்யூல்நாட்ஃபவுண்ட்எரர்’, அதாவது அந்த மாட்யூல் (இம்போர்ட் செய்யும் நிரல்) கிடைக்கவில்லை என்ற பிழை. மறுபடி நிறுவச் சொன்னால், ஏற்கெனவே இருக்கிறது என்று பிப் பதில் சொல்கிறது. இரண்டில் எது பொய் சொல்கிறது?

இரண்டுமே உண்மைதான் சொல்கின்றன. பிப் ஓரிடத்தில் வைத்தது, பைத்தான் வேறிடத்தில் தேடியது.

இந்தப் பழைய குழப்பத்தோடு 2023-லிருந்து புதிதாக ஒன்றும் சேர்ந்துகொண்டது. டெபியன் 12, ராஸ்பெரி பை ஓஎஸ்ஸின் புக்வார்ம் பதிப்பு, உபுண்டு 24.04 ஆகிய லினக்ஸ் பதிப்புகளுக்கு மாறியவர்கள் வழக்கம்போல் பிப் இன்ஸ்டால் என்று அடித்தால், ‘எக்ஸ்டெர்னலி மேனேஜ்டு என்விரான்மென்ட்’ (வெளியிலிருந்து நிர்வகிக்கப்படும் சூழல்) என்று சொல்லி வேலையே நின்றுவிடுகிறது. சூடோ (நிர்வாகி உரிமையோடு ஓட்டும் கட்டளை) இல்லாமல், சொந்த ஹோம் ஃபோல்டருக்குள்தானே நிறுவுகிறேன், அதை ஏன் தடுக்க வேண்டும் என்பது பலருடைய கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் விடை நிறுவும் இடத்தில் இல்லை, தேடும் வரிசையில் இருக்கிறது.

இம்போர்ட் என்றதும் என்ன நடக்கிறது

நிரலில் ‘இம்போர்ட் ரிக்வெஸ்ட்ஸ்’ என்று ஒரு வரி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பைத்தான் மூன்று கட்டமாகப் பார்க்கிறது.

1. இந்த ஓட்டத்தில் ஏற்கெனவே ஏற்றிய மாட்யூலா? சிஸ்.மாட்யூல்ஸ் என்ற பட்டியலில் இருந்தால் அதையே எடுத்துக்கொடுக்கும். வட்டைத் தொடவே தொடாது.
2. நிரலை ஓட்டும் பைத்தான் இயக்கிக்குள்ளேயே (இன்டர்ப்ரெட்டர்) தைக்கப்பட்ட மாட்யூலா? சிஸ், டைம் போன்றவை இந்த வகை.
3. இரண்டும் இல்லையென்றால், சிஸ்.பாத் என்ற பட்டியலில் உள்ள ஃபோல்டர்களை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கும். அந்தப் பெயரில் முதலில் எது அகப்படுகிறதோ அதை எடுத்துக்கொண்டு தேடலை நிறுத்திவிடும்.

மூன்றாவதில்தான் சூட்சுமம். ஒரே பெயரில் இரண்டு பேர் இருக்கும் வீட்டில் வாசலில் நின்று கூப்பிட்டால், வாசலுக்குப் பக்கத்தில் இருப்பவர்தான் முதலில் திரும்பிப் பார்ப்பார், பைத்தானும் அப்படித்தான். எது புதிய பதிப்பு, எது சரியான பதிப்பு என்ற ஆராய்ச்சியெல்லாம் இம்போர்ட் நேரத்தில் கிடையாது. பதிப்பு எண்களைப் பொருத்திப் பார்ப்பது நிறுவும் நேரத்தில் பிப் செய்யும் வேலை. ஓடும் நேரத்தில் வரிசை மட்டுமே பேசும்.

அந்த வரிசை எப்படி உருவாகிறது

சிஸ்.பாத் ஒரு சாதாரண லிஸ்ட். பைத்தான் தொடங்கும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டப்படுகிறது. உபுண்டு 24.04-இல், பைத்தான் 3.12-ஐ ஒரு சாதாரணப் பயனர் ஓட்டினால் வரிசை இப்படி அமையும்:

1. ஓட்டுகிற நிரல் கோப்பு இருக்கும் ஃபோல்டர். மாட்யூல் பெயரைச் சொல்லி ஓட்டும் -எம் தெரிவு கொண்டோ, ஊடாடும் முறையிலோ ஓட்டினால், நாம் நின்றுகொண்டிருக்கும் ஃபோல்டர்.
2. பைத்தான்பாத் என்ற சூழல் மாறியில் (நிரல்களுக்கு வெளியிலிருந்து கொடுக்கும் அமைப்பு மதிப்பு) எழுதிவைத்த ஃபோல்டர்கள், ஏதாவது இருந்தால்.
3. பைத்தானோடு வரும் அடிப்படை நூலகம். இதில் பைத்தான்312.ஜிப் என்று ஒரு பெயர் தெரியும்; பெரும்பாலும் அப்படியொரு கோப்பே இருக்காது. பயப்பட வேண்டாம், இருந்தால் பார்ப்பதற்காக ஒதுக்கிய இடம் அது.
4. பயனரின் சொந்த ஃபோல்டர்: ஹோமுக்குள் .லோக்கல்/லிப்/பைத்தான்3.12/சைட்-பேக்கேஜஸ்.
5. கணினி முழுவதற்குமான ஃபோல்டர்கள். டெபியன் குடும்பத்தில் இவற்றுக்கு டிஸ்ட்-பேக்கேஜஸ் என்று பெயர்.

முதல் மூன்றையும் இயக்கி தானே அமைக்கிறது. கடைசி இரண்டைச் சேர்ப்பது சைட் என்ற மாட்யூல், அது தொடக்கத்தில் தானாக ஏறிக்கொள்ளும். இந்த ஃபோல்டர்களுக்குள் .பிடிஎச் என்று முடியும் கோப்புகள் இருந்தால் அவற்றையும் அது வரிவரியாகப் படிக்கும்: ஒரு வரியில் ஃபோல்டர் பாதை இருந்தால் பட்டியலின் கடைசியில் சேர்க்கும், ‘இம்போர்ட்’ என்று தொடங்கும் வரியாக இருந்தால் அதை ஓட்டியே விடும். நம் நிரல் ஒரு வரிகூட ஓடுமுன் யாரோ எழுதிய வரி ஓடிவிடுகிறது. இது வசதிக்காக வைத்த கதவு. பாதுகாப்புக் கோணத்தில் பார்த்தால் கொஞ்சம் கவலை தருகிற கதவும்கூட.

பட்டியலில் 4 என்ற எண் 5-க்கு முன்னால் வருவதைக் கவனித்து வையுங்கள். முழுக் கதையும் அதில்தான் அடங்கியிருக்கிறது.

முதலிடத்தின் தொல்லை

அதற்குமுன் முதலிடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. புதிதாகக் கற்பவர் சீட்டுக் குலுக்கிப் போடும் பயிற்சி நிரல் ஒன்றை எழுதி அதை ரேண்டம்.பை என்ற பெயரில் சேமிக்கிறார். உள்ளே ‘இம்போர்ட் ரேண்டம்’ என்று இருக்கிறது. அடிப்படை நூலகத்தின் ரேண்டம் மூன்றாம் இடத்தில் காத்திருக்க, முதலிடத்தில் இருக்கும் அவருடைய கோப்பே மறுபடி ஏறுகிறது. விளைவு, அந்தச் செயற்கூறே இல்லை என்று ஒரு புரியாத பிழை. டைம்.பை என்று பெயர் வைத்தால் இந்தக் கோளாறு வராது, ஏனென்றால் டைம் இயக்கிக்குள்ளேயே இருக்கிறது. தேடல் மூன்றாம் கட்டத்துக்குப் போகவே போகாது.

பைத்தான் 3.13 முதல் பிழைச் செய்தியே உங்கள் கோப்பின் பெயரை மாற்றிப் பாருங்கள் என்று அறிவுறுத்துகிறது. 3.11-இல் வந்த -பி தெரிவு (ஆங்கிலப் பெரிய எழுத்து) இந்த முதலிடத்தையே பட்டியலிலிருந்து நீக்கிவிடும். பெர்ல் மொழி இதைவிடக் கடுமையான முடிவு எடுத்தது: நடப்பு ஃபோல்டரில் தேடுவது பாதுகாப்பு ஓட்டை என்று சொல்லி, 2017-இல் வந்த 5.26 பதிப்பில் அதை இயல்பு வரிசையிலிருந்தே தூக்கிவிட்டது. பழைய நிரல்கள் பல உடைந்தன, ஆனாலும் செய்தார்கள். பைத்தான் அந்த அளவுக்குத் துணியவில்லை. கற்பவர்களின் சின்னச் சின்ன நிரல்கள் அத்தனையும் பக்கத்துக் கோப்பை இம்போர்ட் செய்வதை நம்பியே நிற்கின்றன.

பயனருக்கென்று தனி ஃபோல்டர்: எதற்காக வந்தது

பல்கலைக்கழகக் கணினிகளில், பல பேர் பகிரும் சர்வர்களில், எல்லோருக்கும் நிர்வாகி உரிமை கிடைக்காது. தனக்கு வேண்டிய பேக்கேஜை நிறுவ ஒவ்வொருவரும் நிர்வாகியைத் தேடிப்போக முடியுமா? இதற்காகவே பெப் 370 என்ற பைத்தான் மேம்பாட்டு முன்மொழிவை 2008-இல் கிறிஸ்டியன் ஹைம்ஸ் எழுதினார். அதே ஆண்டு வந்த பைத்தான் 2.6-இல் பயனர் ஃபோல்டர் நடைமுறைக்கு வந்தது. லினக்ஸில் அது .லோக்கல் ஃபோல்டருக்குள் இருக்கிறது, விண்டோஸில் ஆப்டேட்டாவுக்குள், மேக்கில், பைத்தான் தளத்திலிருந்து இறக்கிய நிறுவலுக்கு, லைப்ரரி/பைத்தான் என்ற ஃபோல்டருக்குள்.

இதில் நடைமுறையில் இடறும் இடங்கள் சில உண்டு.

பாதையிலேயே 3.12 என்று பதிப்பு எண் இருக்கிறது. எனவே 3.10-க்கு நிறுவியது 3.12-க்குத் தெரியாது. அந்த ஃபோல்டர் இல்லவே இல்லையென்றால் சைட் அதைப் பட்டியலில் சேர்க்காது. முதல் பேக்கேஜை நிறுவிய பிறகு, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பைத்தானை மூடித் திறந்தால்தான் அது கண்ணில் படும்.

பேக்கேஜோடு வரும் கட்டளைகள் .லோக்கல்/பின் ஃபோல்டருக்குப் போகின்றன. இதற்கும் சிஸ்.பாத்துக்கும் சம்பந்தமில்லை. கட்டளைகளைத் தேடுவது ஷெல் (டெர்மினலில் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்), அது பார்ப்பது பாத் என்ற வேறொரு மாறியை. உபுண்டுவில் .ப்ரொஃபைல் கோப்பு இந்த பின் ஃபோல்டரைச் சேர்த்துக்கொள்ளும்தான். ஆனால் லாகின் ஆகும் நேரத்தில் அந்த ஃபோல்டர் இருந்தால் மட்டும். அதனால்தான் முதல் தடவை நிறுவியதும் ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’ என்று வந்து, வெளியேறி மறுபடி உள்ளே வந்ததும் மாயமாகச் சரியாகிவிடுகிறது.

சூடோ போட்டு ஓட்டினால் பயனர் மாறிவிடுகிறார். பொதுவாக ஹோமும் ரூட் என்ற நிர்வாகிப் பயனருடையதாகிவிடும், உங்கள் .லோக்கல் தெரியாது. ‘எனக்கு ஓடுகிறது, சூடோவில் ஓடவில்லை’ என்ற புகார்களில் கணிசமானவை இதுதான்.

இவ்வளவு நாள் பலர் தெரியாமலேயே இந்த ஃபோல்டரைப் பயன்படுத்திவந்திருக்கிறார்கள். 2020 ஜனவரியில் வந்த பிப் 20.0 முதல், பொது ஃபோல்டரில் எழுத உரிமை இல்லையென்றால் பிப் தானாகவே பயனர் ஃபோல்டருக்கு மாறிக்கொள்கிறது. ஒரு வரி அறிவிப்பு வரும். அதை யார் படிக்கிறார்கள்?

சரி, பிறகு ஏன் தடுத்தார்கள்

இப்போது 4-க்கும் 5-க்கும் திரும்புவோம். லினக்ஸ் இயங்குதளமே பைத்தானை நம்பித்தான் நிற்கிறது. உபுண்டுவில் ஆட்-ஆப்ட்-ரெபாசிட்டரி, தவறாக அடித்த கட்டளைக்கு யோசனை சொல்லும் கமாண்ட்-நாட்-ஃபவுண்ட் போன்றவை எல்லாம் பைத்தான் நிரல்கள். அவை எதிர்பார்க்கும் பேக்கேஜ் பதிப்புகளை இயங்குதளத்தின் நிறுவும் கருவியான ஆப்ட் கொண்டுவந்து ஐந்தாம் இடத்தில் வைத்திருக்கிறது. நீங்கள் பிப் கொண்டு அதே பெயரில் புதிய பதிப்பு ஒன்றை நான்காம் இடத்தில் வைக்கிறீர்கள். அடுத்த முறை அந்தக் கணினிக் கருவியை உங்கள் பெயரில் ஓட்டும்போது, அதற்கும் உங்கள் பதிப்புதான் முதலில் அகப்படும். பொருந்தாவிட்டால் கருவி உடையும். ஆப்ட் எதையும் தவறாகச் செய்யவில்லை, பிப்பும் செய்யவில்லை. வரிசை செய்த வேலை.

சூடோ இல்லாமல் நிறுவினால் கணினிக்கு ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கை பாதிதான் சரி. மற்ற பயனர்களுக்கு ஆகாது, ரூட்டாக ஓடுபவற்றுக்கும் ஆகாது. உங்கள் பெயரில் ஓடும் எல்லாவற்றுக்கும் ஆகும்.

பெப் 668 இதைத்தான் கையாள்கிறது. அடிப்படை நூலக ஃபோல்டரில் ‘எக்ஸ்டெர்னலி-மேனேஜ்டு’ என்று ஒரு கோப்பை இயங்குதளக்காரர்கள் வைத்துவிடுவார்கள். அது இருந்தால் பிப் பொது ஃபோல்டரிலும் நிறுவாது, பயனர் ஃபோல்டரிலும் நிறுவாது. 2023 தொடக்கத்தில் வந்த பிப் 23.0 முதல் இந்தக் கோப்பை மதிக்கிறது. தடையைத் தாண்ட வேண்டுமென்றால் ‘பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்’ என்ற தெரிவைக் கொடுக்க வேண்டும். கணினிப் பேக்கேஜ்களை உடை என்று நம் கையாலேயே அடிக்கவைக்கும் பெயர். யாரும் கை தவறி அடித்துவிடக்கூடாது என்று யோசித்து வைத்திருக்கிறார்கள்.

அந்தக் கோப்பையே அழித்துவிடு என்ற யோசனையும் இணையத்தில் உலவுகிறது. அடுத்த பைத்தான் மேம்படுத்தலில் ஆப்ட் அதை மறுபடி கொண்டுவந்து வைத்துவிடும். அதோடு, தடை எதற்காக இருந்ததோ அந்த ஆபத்து அப்படியேதான் இருக்கும்.

பைத்தான்பாத்: எளிதாகத் தெரிகிற தவறான விடை

மாட்யூல் கிடைக்கவில்லை என்றதும் பலரும் செய்வது, ஷெல் தொடங்கும்போது படிக்கும் பாஷ்ஆர்சி கோப்பில் பைத்தான்பாத் மாறியில் ஃபோல்டரைச் சேர்ப்பது. ஒரே ஒரு கட்டளைக்கு முன்னால் தற்காலிகமாக வைத்தால் நல்ல கருவி. பாஷ்ஆர்சியில் நிரந்தரமாக எழுதுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். காரணங்கள்:

1. இது எந்தப் பைத்தானுக்கும் உரியதல்ல. அந்த ஷெல்லிலிருந்து கிளம்பும் எல்லாப் பைத்தானையும் பிடிக்கும். 3.10-க்கென்று கம்பைல் செய்த சி மொழி நீட்சி 3.12-இன் வழியில் வந்து நிற்கும். பேக்கேஜ் ‘இருக்கிறது’, ஆனால் உள்ளே பாதி ஏறாது.
2. அடிப்படை நூலகத்துக்கும் முன்னால் நிற்கிறது. அந்த ஃபோல்டரில் தவறான பெயரில் ஒரு கோப்பு இருந்தால் போதும்.
3. வெர்ச்சுவல் என்விரான்மென்டுக்குள்ளும் (ஒரு திட்டத்துக்கென்று பிரித்துவைத்த பைத்தான் சூழல்; கீழே வரும் வென்வ்) இது செல்லுபடியாகும். தனிமைப்படுத்தினோம் என்று நினைத்திருப்போம். முன்வாசல் வழியாக வேறொன்று ஏறியிருக்கும்.
4. காலியாக இருந்த மாறியோடு வழக்கம்போல் முக்காற்புள்ளி (:) இட்டு ஒட்டினால், முதல் உறுப்பு வெற்றாகிவிடும். வெற்று உறுப்பு என்றால் நடப்பு ஃபோல்டர் என்று பொருள். எங்கே நிற்கிறோமோ அங்கிருந்தெல்லாம் மாட்யூல் ஏறத் தொடங்கும்.

குறித்த நேரத்தில் ஓடும் கிரான் வேலைகளும் சூடோவும் பாஷ்ஆர்சியைப் பொதுவாகப் பார்ப்பதில்லை என்பதால், கையால் ஓட்டினால் ஓடுவது இரவில் தானாக ஓடும்போது விழும் என்பது கூடுதல் தலைவலி.

பாதை யாரோடு ஒட்டியிருக்கிறது

இதுவரை பார்த்த வழிகளை ஒரே கேள்வியால் பிரித்துவிடலாம். பொது ஃபோல்டர் கணினியோடு ஒட்டியது. பயனர் ஃபோல்டர் ஆளோடு ஒட்டியது. பைத்தான்பாத் ஷெல்லோடு ஒட்டியது. ஆனால் பேக்கேஜ் தேவை என்பது இந்த மூன்றுக்கும் உரியதல்ல. அது ஒவ்வொரு திட்டத்துக்கும் உரியது. ஒரே ஆள் ஜாங்கோ என்ற வலைத்தளக் கட்டமைப்பின் பழைய பதிப்பில் ஒரு திட்டத்தையும் புதிய பதிப்பில் இன்னொன்றையும் வைத்திருக்கலாம். ஆளுக்கு ஒரு ஃபோல்டர் அவருக்கே போதாது.

பெப் 405 வழியாக 2012-இல், பைத்தான் 3.3-இல் வந்த வென்வ் இந்தப் பிடிப்பை மாற்றியது. திட்ட ஃபோல்டருக்குள் பைத்தான் இயக்கிக்கு ஒரு இணைப்பு, அதற்கு மேல் ஃபோல்டரில் பைவென்வ்.சிஎஃப்ஜி என்ற சின்னக் கோப்பு, ஒரு சைட்-பேக்கேஜஸ் ஃபோல்டர்: அவ்வளவுதான். இயக்கி தொடங்கும்போது தன் பக்கத்திலோ மேல் ஃபோல்டரிலோ அந்தக் கோப்பு இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால், அடிப்படை நூலகத்தைப் பழைய இடத்திலிருந்தே எடுத்துக்கொண்டு, பேக்கேஜ்களை மட்டும் இந்தத் திட்டத்தின் ஃபோல்டரிலிருந்து எடுக்கும். பொது ஃபோல்டர், பயனர் ஃபோல்டர் இரண்டும் பட்டியலிலேயே வராது. பெப் 668-இன் தடையும் இங்கே பொருந்தாது.

ஆக்டிவேட் செய்வது கட்டாயம் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆக்டிவேட் கட்டளை முக்கியமாகச் செய்வது ஷெல்லின் பாத் மாறியில் இந்த வென்வின் பின் ஃபோல்டரை முன்னால் வைப்பது. கிரானிலோ, சேவைகளை ஓட்டும் சிஸ்டம்டியிலோ வென்வுக்குள் இருக்கும் பைத்தானின் முழுப் பாதையை எழுதிவிட்டால் ஆக்டிவேட் தேவையே இல்லை. ஆனால் வென்வை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்தாதீர்கள்: உள்ளே இருக்கும் கட்டளைகளின் முதல் வரியில் பழைய முழுப் பாதை எழுதப்பட்டிருக்கும். அழித்துப் புதிதாக உருவாக்குவதே சுருக்கமான வழி.

வென்வே இல்லாமல், திட்ட ஃபோல்டருக்குள் ஒரு குறிப்பிட்ட பெயரில் ஃபோல்டர் இருந்தால் பைத்தான் தானாக அதைப் பார்க்கட்டும் என்று பெப் 582 கேட்டது. நோட்.ஜேஎஸ்ஸின் நோட்_மாட்யூல்ஸ் போல. பல ஆண்டுகள் விவாதித்து 2023-இல் நிராகரித்துவிட்டார்கள்.

திட்டத்துக்கு வென்வ் சரி. எல்லா இடத்திலும் வேண்டிய கட்டளைக் கருவிகளுக்கு? அதற்கு பிப்எக்ஸ். ஒவ்வொரு கருவிக்கும் தனி வென்வ் உருவாக்கி, கட்டளையை மட்டும் .லோக்கல்/பின்னில் காட்டும். பயனர் ஃபோல்டரின் வசதி கிடைக்கும், வரிசைத் தொல்லை இருக்காது.

கோளாறு வந்தால் பார்க்கும் முறை

1. எந்தப் பைத்தான் ஓடுகிறது? நிரலுக்குள் சிஸ்.எக்ஸிகியூட்டபிளை அச்சிட்டுப் பாருங்கள். ஜூபிட்டர் நோட்புக்கில் இது மிக முக்கியம். கர்னல் (நோட்புக்கின் நிரலை ஓட்டும் பகுதி) ஒரு பைத்தானாகவும் டெர்மினல் இன்னொன்றாகவும் இருப்பது சகஜம். நோட்புக்குக்குள் நிறுவும்போது ஆச்சரியக்குறி பிப்புக்குப் பதில் சதவீதக்குறி பிப் போடுங்கள், அது கர்னலின் பைத்தானுக்கே நிறுவும்.
2. ‘பைத்தான்3 -எம் சைட்’ என்று ஓட்டினால் முழுத் தேடல் பட்டியலும், பயனர் ஃபோல்டர் எங்கே, இருக்கிறதா இல்லையா என்பதும் வரும்.
3. மாட்யூல் ஏறுகிறது, ஆனால் விசித்திரமாக நடந்துகொள்கிறதா? அதன் __ஃபைல்__ மதிப்பை அச்சிடுங்கள். எந்த ஃபோல்டரிலிருந்து வந்தது என்று அதுவே சொல்லிவிடும்.
4. தனியாக பிப் என்று அடிக்காமல் ‘பைத்தான்3 -எம் பிப்’ என்றே அடியுங்கள். எந்தப் பைத்தான் ஓடுகிறதோ அதற்கே நிறுவும். தொடக்கத்தில் சொன்ன குழப்பத்தில் பெரும்பகுதி இந்த ஒரு பழக்கத்தில் அடங்கிவிடும்.
5. -ஐ தெரிவோடு (ஆங்கிலப் பெரிய எழுத்து) ஓட்டிப் பாருங்கள். சூழல் மாறிகள், பயனர் ஃபோல்டர், நிரல் இருக்கும் ஃபோல்டர் மூன்றையும் ஒதுக்கிவிட்டு ஓடும். அப்போது கோளாறு போய்விட்டால் குற்றவாளி அந்த மூன்றில் ஒன்று.

பயனர் ஃபோல்டர் எதிர்பாராமல் எட்டிப் பார்க்கும் இடங்கள்

ஆராய்ச்சிக் கணினித் தொகுதிகளில் வேலை செய்பவர்களுக்கு இது தனி அனுபவம். கோண்டா என்ற பேக்கேஜ் கருவி உருவாக்கும் சூழல் வென்வ் அல்ல. அதில் பயனர் ஃபோல்டர் இயல்பாக அணைக்கப்படுவதில்லை. என்றோ .லோக்கலில் நிறுவிய பழைய நம்பை (எண் கணக்கீட்டு நூலகம்), கோண்டா சூழலுக்குள் உள்ள நம்பையை முந்திக்கொண்டு ஏறும். ஆப்டெய்னர் கண்டெய்னர்கள் (நிரலையும் அதன் சூழலையும் சேர்த்து அடைத்த பெட்டிகள்) ஹோம் ஃபோல்டரை இயல்பாக உள்ளே இணைத்துக்கொள்வதால், கண்டெய்னருக்குள்ளும் இதே கதை: இரண்டு பைத்தான்களின் பதிப்பு எண்ணும் ஒன்றாக இருந்தால் போதும். பைத்தான்நோயூசர்சைட் என்ற மாறிக்கு ஏதாவது மதிப்புக் கொடுத்தால் பயனர் ஃபோல்டர் விலகிவிடும். ஹோமில் இட ஒதுக்கீடு குறைவு என்பவர்கள் பைத்தான்யூசர்பேஸ் மாறி மூலம் அந்த ஃபோல்டரையே வேறு வட்டுக்கு மாற்றலாம்.

உபுண்டு 22.04-லிருந்து 24.04-க்கு மேம்படுத்தியவர்கள் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். பைத்தான் 3.10 போய் 3.12 வந்துவிட்டது. பழைய .லோக்கல்/லிப்/பைத்தான்3.10 ஃபோல்டர் இடத்தை அடைத்துக்கொண்டு அப்படியே கிடக்கும். யாரும் அதில் தேடுவதில்லை. ஆனால் .லோக்கல்/பின்னில் இருக்கும் கட்டளைகளின் முதல் வரி வெறுமனே பைத்தான்3 என்று காட்டுவதால், அவை புதிய 3.12-ஐ எழுப்பி, அங்கே தங்கள் பேக்கேஜ் இல்லாமல் விழும். பழைய சைட்-பேக்கேஜஸில் என்னென்ன இருந்தன என்று பார்த்துக் குறித்துக்கொண்டு, கருவிகளை பிப்எக்ஸ் வழியாகவும் நூலகங்களை அந்தந்தத் திட்டத்தின் வென்விலும் மறுபடி நிறுவிவிட்டு, 3.10 ஃபோல்டரையும் பின்னில் இருக்கும் செத்த கட்டளைகளையும் நீக்கிவிடலாம்.